கலாயோகியும் ஒரு கல்மனையும்

கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் ஆலயத்துக்கு வெள்ளிக்கிழமைகளில் வெள்ளவத்தையிலிருந்து சென்று வருதல் என் நெடுநாள் வழக்கம். கொட்டாஞ்சேனைத் தெருக்களின் வெயிலையும் வண்டிகளின் இரைச்சலையும் கடந்து வாயிலுட் புகுந்ததும் உள்ளங்காலிலே ஒரு குளிர்ச்சி ஏறும். தூணும் சுவரும் தளமும் கருங்கல்லாதலின் வரும் குளிர்ச்சி அது. பொன்னம்பல முதலியார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் எடுப்பித்த அக்கோயிலை, அவர் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907ஆம் ஆண்டு தொடங்கி 1912 வரை கருங்கல்லாற் புதுக்கினார். இதனைக் கொழும்புச் சைவர் பலரும் அறிவர்.

அதே 1907ஆம் ஆண்டிலே இராமநாதனுடைய மைத்துனர் ஒருவர், இங்கிலாந்தின் நாட்டுப்புறச் சிற்றூரொன்றில், எழுநூறு ஆண்டுக்கு மேற்பட்ட பழமையுடைய ஒரு கல்மனையைச் செப்பனிடுவித்து அதன்கண் குடிபுகுந்தார் என்பதனைப் பலர் அறியார். அவரே கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. ஒருவர் கல்லாற் புதுக்கோயில் சமைத்தார். மற்றவர் பழங்கல்லைக் குலையாது காத்தார். இரண்டும் உயர்ந்த செயல்களே. எனினும், பின்னதன் அருமை நமக்கு இன்னும் நன்கு விளங்கவில்லை என்பது என் எண்ணம். அதனை விளக்கக் கலாயோகியின் வாழ்க்கையே போதும்.

ஆனந்த குமாரசுவாமி 1877ஆம் ஆண்டு ஆவணித் திங்களில், ஆங்கிலக் கணக்கில் ஓகத்து 22ஆம் நாள், கொழும்பிலே பிறந்தார். தந்தையார் சேர் முத்துக் குமாரசுவாமி. கிறித்தவரோ யூதரோ அல்லாதாருள் இங்கிலாந்தில் வழக்கறிஞராக ஏற்றுக்கொள்ளப்பெற்ற முதல்வர் அவர். அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலத்திற் பெயர்த்தவர். தாயார் எலிசபெத் பீபி என்னும் ஆங்கில மாது. முத்துக் குமாரசுவாமியின் உடன்பிறந்தாளே பொன்னம்பல முதலியாரின் மனைவியாராகிய செல்லாச்சி அம்மையார். ஆதலின் இராமநாதனும் அருணாசலமும் ஆனந்தருக்கு மைத்துனராயினர். வயதிலோ தந்தையர் போல்வார்.

1879ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் நாள், இங்கிலாந்துக்கு முன்னரே சென்றிருந்த மனைவியையும் மகவையும் அடையக் கப்பலேற வேண்டிய அந்நாளிலேயே, முத்துக் குமாரசுவாமி கொழும்பில் உயிர்நீத்தார். குழந்தைக்கு அப்பொழுது இரண்டு வயதும் நிரம்பவில்லை. தந்தையின் முகமும் தந்தையின் மொழியும் மனத்திற் பதியுமுன்னர் இரண்டும் போயின. தாய் அவரை இங்கிலாந்திலேயே வளர்த்தார்.

பன்னிரண்டாம் வயதிலே அவர் குளோஸ்டர் மாவட்டத்திலுள்ள விக்கிளிவ் கல்லூரியிற் சேர்க்கப்பட்டார். அக்கல்லூரி இருக்கும் ஊரின் பெயர் ஸ்டோன்ஹவுஸ். தமிழிற் சொன்னால் கல்வீடு. பெயருக்கேற்ற நாடு அது. கொட்ஸ்வோல்ட் எனப்படும் அக்குன்றுப் பகுதியிலே நிலத்தைச் சிறிது தோண்டினாலும் தேன் நிறமான சுண்ணாம்புக்கல் வெளிப்படும். ஏறத்தாழ 17 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே பரந்து கிடந்த இளஞ்சூட்டுக் கடலின் அடியிலே, மீன்முட்டை போன்ற நுண்மணிகள் திரண்டு இறுகிய கல் அது. யாழ்ப்பாணத்து நிலத்தின் கீழுள்ள சுண்ணாம்புக்கல்லும் கடல் தந்ததே. ஆயின் வயதில் மிக இளையது. ஊர்ப்புறத்துக் குன்றாகிய டோவரோவின் பாறைகளைப் பற்றி, தம் பதினெட்டாம் வயதிலே, பள்ளி இதழில் ஆனந்தர் எழுதியதே அவருடைய முதற் கட்டுரை. உலகம் போற்றும் கலைப்புலவர் எழுத்துலகிற் புகுந்தது கல்லின் வழியாகவே.

அந்நாட்டுப் பண்ணை வீடுகளைப் பற்றி இங்குச் சிறிது கூறல் வேண்டும். அவற்றை அறிந்தாலன்றிப் பின் வருவது விளங்காது. சுவர், கூரை, பலகணிச் சட்டம், தோட்டத்து வேலி ஆகிய அனைத்தும் அங்கே ஒரே கல். அகழ்ந்தெடுத்தபோது அக்கல் ஈரமும் மென்மையும் உடையதாய் உளிக்கு இசையும். காற்றுப்பட்டுக் காய்ந்தபின் இறுகும். கொழும்பிலே நம் முன்னோர் வீடு கட்டிய கபுக்கல்லும் இவ்வியல்பினதே. சுவரின் சாந்து சுண்ணாம்பும் மணலும். கூரை செங்குத்தாகச் சரிந்திருக்கும். தகடு தகடாகப் பிளக்கும் கற்களை ஓடாக்கி, மர ஆணியால் வரிச்சுகளிலே தொங்கவிடுவர். சில அகழிகளில் கல்லைப் பிளப்பவர் மனிதரல்லர், குளிர்காலத்து உறைபனியே. கல்லிலூறிய நீர் உறைந்து பருத்து அதனைப் படைபடையாகப் பிரித்துவிடும். பெரிய ஓடுகள் இறவாரத்தில், மேலேறுந்தோறும் சிறியன, முகட்டிலே மிகச் சிறியன. இஃது அழகுக்காக மட்டும் செய்ததன்று. கூரையில் விழும் மழைநீர் கீழிறங்குந்தோறும் பெருகும். அங்கே பொருத்துவாய் குறைவாயிருத்தல் நன்று. கனத்த ஓடுகளைச் சுவர் தாங்கும். சிறு துண்டும் வீணாகாது. பலகணியின் மேலே நீரை எறியும் கற்பட்டிகை ஒன்று நீண்டிருக்கும். நம் கோயில்களிலே கபோதம் செய்யும் வேலையையே அது செய்கின்றது. இவற்றைக் கட்டிய கொத்தர்களின் பெயர் ஏட்டில் இல்லை. தேவையும் பொருளும் பழக்கமும் சேர்ந்து ஊட்டிய அறிவே அவர்களை நடத்திற்று.

ஆனந்தர் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலே நிலவியலும் தாவரவியலும் பயின்று 1900இல் முதல் வகுப்பிலே தேறினார். 1902இல் எதெல் மேரி பாட்றிட்ஜ் என்னும் நங்கையை மணந்தார். 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிய ஆய்வுத் தலைவராய்ப் பணியாற்றினார். தோரியனைட் என்னும் கனியம் 1904இல் அறியப்பட்டதும் அவர் ஆய்வின் பயனே. நிலத்தின் அடியிலே கல்லைத் தேடிச் சென்ற அறிஞர், நிலத்தின் மேலே கண்டி நாட்டுக் கம்மியர் செய்தவற்றைக் கண்டு நின்றார். ஓவியரும் தச்சரும் கன்னாரும் நெசவாளரும் வாழ்ந்த ஊர்களிலே தொழில் அருகி வருவதனைக் கணவனும் மனைவியும் ஒருங்கே கண்டனர். எதெல் அம்மையார் ஒளிப்படக் கருவியால் அவற்றைப் பதிவு செய்தார்.

அங்கே அவரை வருத்தியது அழிவு மட்டுமன்று. திருத்தம் என்ற பெயரால் நிகழ்ந்த கேடும் ஆகும். அன்பின்மையாற் சில கட்டடங்கள் விழுந்தன. அறியாமையோடு கூடிய அன்பினாற் சில கெட்டன. 1905ஆம் ஆண்டு கண்டித் தலைவர்களுக்கு அவர் ஒரு திறந்த மடல் எழுதினார். பழைய கட்டடங்களைப் புறக்கணித்தலையும், அவற்றின் இயல்பறியாது புதுக்குதலையும் கண்டித்து எழுதிய மடல் அது. அரசாங்க ஊழியர் ஒருவர், அதிலும் இருபத்தேழு வயதினர், அங்ஙனம் எழுதுதல் அக்காலத்திற் சிறு துணிவன்று.

இக்கொள்கையை அவர் எங்கே பெற்றார்? அவர் பிறந்த 1877ஆம் ஆண்டிலேதான் இலண்டனில் வில்லியம் மொறிஸ் என்னும் கவிஞரும் கைவினைஞருமாகிய பெரியார், பழங்கட்டடக் காப்புச் சங்கத்தை நிறுவினார். பழைய தேவாலயங்களின் சுவர்ப் பூச்சைச் சுரண்டி, தேய்ந்த சிற்பங்களை மீளச் செதுக்கி, ஆதியில் இவ்வாறிருந்திருக்கும் என்ற ஊகத்தின்படி புதுக்கோலம் பூட்டுதல் அந்நாளைய வழக்கம். மொறிஸ் அதனை எதிர்த்தார். சங்கத்தார் தம்மைச் சுரண்டற் பகைவர் என்று விளையாட்டாக அழைத்துக் கொள்வர். அவர்கள் கோட்பாடு எளியது: ஒழுக்கைத் தடு, சாய்ந்ததைத் தாங்கு, இடிந்ததைக் கட்டு, ஆயின் பழையதைப் போலப் பொய்க்கோலம் புனையாதே, புதியது புதியதென்றே தெரிய நிற்கட்டும்.

இக்கோட்பாட்டிலே ஊறிய சிற்பி சி. ஆர். அஷ்பீ. இலண்டனின் கீழைப்புறத்தில் 1888இல் தாம் நிறுவிய கைவினைஞர் சங்கத்தை, 1902இல் அவர் குடும்பங்களோடு கொட்ஸ்வோல்டிலுள்ள சிப்பிங் கம்டன் என்னும் ஊருக்குப் பெயர்த்துக் கொண்டு வந்தார். எதெல் அம்மையாரின் உடன்பிறந்தார் அச்சங்கத்திலே அணிகலன் செய்பவர். அவ்வழியே உறவு ஏற்பட்டது. அவ்வூருக்கு அருகே புரோட் கம்டன் என்னும் சிற்றூரிலே பாழடைந்து கிடந்தது நோர்மன் சிற்றாலயம். பிரான்சிலிருந்து வந்து இங்கிலாந்தை வென்ற நோர்மரின் காலத்து, பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கட்டடம் அது. தடித்த சுவரும் அரைவட்ட வளைவும் அக்காலப் பாணி. வழிபாடு ஒழிந்தபின் அது குடியிருப்பாகிப் பின்னர்ச் சிதைந்தது. ஆனந்தருக்காக அஷ்பீ அதனை 1905 முதல் 1907 வரை செப்பனிட்டார். கண்டித் தலைவர்களுக்கு மடல் எழுதிய ஆண்டும் இப்பணி தொடங்கிய ஆண்டும் ஒன்றாயிருத்தல் கருதத்தக்கது. ஊருக்குச் சொன்னதனைத் தம் வீட்டிலே செய்து காட்டினார் அவர்.

பழஞ்சுவர்களும் வளைவுகளும் உள்ளவாறே நின்றன. வாழ்வுக்கு வேண்டிய புதுப்பகுதி அருகே இணைக்கப்பட்டது. அந்நாட்டுக் கல், அந்நாட்டுக் கொத்தரின் கை. எழுநூறு ஆண்டு வரலாற்றிலே எந்தப் பகுதியும் மற்றொன்றைப் போல நடிக்கவில்லை.

நம் ஆகமங்களும் சிற்ப நூல்களும் இதனையொத்த நெறியை அறியாதன அல்ல. பழுதுற்ற கோயிலைப் புதுக்குதலைச் சீர்ணோத்தாரணம் என்று அவை தனியே வகுத்துக் கூறும். மயமதத்தில் அதற்கென ஓர் இயலே உண்டு. புதுக்கோயில் எடுத்தலினும் பழங்கோயில் காத்தல் பன்மடங்கு புண்ணியம் என்பது நம் பெரியோர் வாக்கு. ஆகவே ஆனந்தர் அயல்நாட்டிற் கற்றது நமக்கு அயலான நெறியன்று. நாம் மறந்திருந்த நெறி.

அக்கல்மனையிலேதான் அவருடைய பெருநூல் அச்சாயிற்று. மொறிஸ் தம் அச்சகத்திற் பயன்படுத்திய கை அச்சுப்பொறி அஷ்பீயின் அச்சகத்துக்கு வந்திருந்தது. ஆனந்தர் அவ்வச்சகத்தை மேற்கொண்டு தம் இல்லத்துக்கே பெயர்த்தார். 1907 செப்ரெம்பர் முதல் 1908 திசெம்பர் வரை, தம் மேற்பார்வையிலேயே, இடைக்காலச் சிங்களக் கலை என்னும் நூலை அங்கே அச்சிட்டார். படிகள் 425 மட்டுமே. கண்டிக் கம்மியரின் வீடு, மரம், கல், உலோகம், ஆடை ஆகிய யாவும் அதில் இடம்பெற்றன. ஒளிப்படங்கள் எதெல் அம்மையாருடையன. தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்த ஒருவர், சிங்களக் கைவினையைப் பற்றி, இங்கிலாந்துச் சிற்றூரின் பழங் கல்மனையிலே இருந்து, கையால் அச்சிட்ட நூல் அது. தமிழர் கலையை அவர் முதலில் எழுதவில்லையே என்று என் ஆசிரியர்களுட் சிலர் குறைப்படுவதுண்டு. யானும் இளமையில் அவ்வாறு எண்ணியதுண்டு. இன்று அவ்வாறு எண்ணேன். எரியும் வீடு எதுவோ அதற்கே முதலில் நீர் கொண்டு செல்லல் வேண்டும். அது யார் வீடு என்று வினவுதல் பின்னர் ஆகும். தில்லைக் கூத்தனின் தாண்டவத்தை உலகறியச் செய்த கட்டுரையும் அவர் கையிலிருந்தே பின்னர் வந்தது.

ஆயின் அக்கல்மனை வாழ்வு இன்பமாகவே முடிந்தது என்று கூறின் உண்மை கூறியவனாகேன். அவர் நூலை அச்சிட்டுக்கொண்டிருந்த அந்நாளிலேயே, அயலிலிருந்த கைவினைஞர் சங்கம் பொருளின்றி முறிந்தது. இயந்திரத்திற் செய்த மலிவான போலிகளோடு கைவேலை போட்டியிட முடியவில்லை. இலண்டனை விட்டு விலகியிருந்தமையால் வேலையும் விற்பனையும் அரிதாயின. கைத்தொழில் வாழவேண்டும் என்று எழுதியவர் கண்முன்னே கைத்தொழிலாளர் பெட்டி கட்டிச் சென்றனர். ஆனந்தரிடம் தந்தை வழி வந்த செல்வம் இருந்தது. அவர்களிடம் அஃது இல்லை. இவ்வேறுபாட்டை அவர் மறந்திருக்க முடியாது. இந்தியக் கைவினைஞனைப் பற்றி 1909இல் அவர் வெளியிட்ட நூலிலே, தொழிலாளியைத் தாங்கும் ஊர், குலம், சங்கம் ஆகிய அமைப்புக்களைப் பற்றியே பெரிதும் ஆராய்ந்தார். அதற்கு முன்னுரை வழங்கியவரும் அஷ்பீயே. ஒரு கட்டடத்தைக் காத்தல் எளிது. அதனைக் கட்டவல்ல கையைக் காத்தல் அரிது.

சில ஆண்டுகளில் மணவாழ்வும் பிரிந்தது. ஆனந்தர் இந்தியா சென்றார். அவர் நீங்கியபின் அஷ்பீ தம்பதியரே அம்மனையில் வாழ்ந்தனர். எதெல் அம்மையார் மீண்டும் மணந்து எதெல் மெய்றே என்னும் பெயரோடு இங்கிலாந்தின் தலைசிறந்த கைந்நெசவாளராய் விளங்கினார், தாவரச் சாயங்களைப் பற்றி 1916இல் ஒரு நூல் எழுதினார், 1952இல் மறைந்தார். இலங்கைச் சிற்றூர்களில் அவர் கண்ட தறிகளே அவ்வாழ்வுக்கு வித்து என்பதனை நாம் நினைத்தல் கடமை. பெருநூல்களின் பின்னே நின்ற பெண்டிரை நாம் எளிதில் மறந்துவிடுகின்றோம்.

ஆனந்தர் 1917இல் அமெரிக்காவிலுள்ள பொஸ்டன் நுண்கலைக் காட்சிச்சாலையில் இந்தியக் கலைப்பகுதியின் காப்பாளரானார். முப்பது ஆண்டுகள், இறுதிவரை, அங்கேயே பணிபுரிந்தார். கல்லின் வேதியியலிலே தொடங்கிக் கல்லின் வேலைப்பாட்டுக்கு வந்தவர், அங்கே கல்லின் பொருளுக்கு வந்தார். பழைய இந்திய நகர்வாயில்கள், மாளிகைகள், போதிமனைகள் ஆகியவற்றை ஆராய்ந்தார். 1938இல் விதானக் கூரையின் உட்பொருள் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். வட்டக் கூரையின் கைமரங்கள் யாவும் உச்சியிலே ஒரு தட்டிற் கூடுதல், பலவும் ஒன்றில் ஒடுங்குதலின் குறி. அருகர் அவ்வுச்சியைத் திறந்து விண்ணேறுவதாகப் பாளிக் கதைகள் கூறுதலும் அதனாலேயே என்று விளக்கினார். கண்டிக்கு அண்மையிலுள்ள எம்பக்கைத் தேவாலயத்திலே 26 கைமரங்களை ஒரே மர ஆணி பிணித்து நிற்பதனைக் கண்டவர்க்கு இக்கருத்து எளிதிற் புலனாகும். வீடு என்ற தமிழ்ச்சொல் மனையையும் முத்தியையும் ஒருங்கே குறிப்பதனை நினைக்குந்தோறும் யான் இக்கட்டுரையை நினைப்பேன்.

1947 ஓகத்தில் இந்தியா விடுதலை பெற்றது. அதே மாதம் அவருக்கு எழுபது வயது நிரம்பிற்று. பணியை விட்டு இந்தியா சென்று இமயச் சாரலில் எஞ்சிய நாளைக் கழிக்க எண்ணியிருந்தார். செப்ரெம்பர் 9ஆம் நாள் மாசசூசெற்சிலுள்ள நீடம் என்னும் ஊரில் தம் இல்லத்திலேயே காலமானார். தந்தை கப்பலேறுமுன் மறைந்தார். மைந்தரும் புறப்படுமுன் மறைந்தார். கொழும்பிலே அவர் பெயரால் ஒரு பெருந்தெரு வழங்குகின்றது. புரோட் கம்டனில் அக்கல்மனை இன்றும் நிற்கின்றது.

இனி என் பிழையொன்றைச் சொல்லி முடிப்பேன். வடமராட்சியிலே என் பாட்டனார் கட்டிய நாற்சார் வீடொன்று உண்டு. சுண்ணாம்புக்கற் சுவர், சுண்ணச்சாந்து. போர் முடிந்து 2009க்குப் பின்னர் யாங்கள் சென்று பார்த்தபொழுது கூரை இல்லை, சுவர்கள் நின்றன. செப்பனிட முனைந்தோம். சுவருக்குச் சீமெந்து பூசினால் நூறாண்டு நிற்கும் என்று மேசன் சொன்னார், யானும் இசைந்தேன். இரண்டு மாரி கழிந்தது. பூச்சுப் பாளம் பாளமாக உதிர்ந்தது. அதனோடு ஒட்டிக்கொண்டு கல்லும் பொடியாய் வந்தது. சுண்ணச்சாந்துச் சுவர் தான் உறிஞ்சிய ஈரத்தைத் தானே வெளியே விடும். சீமெந்து அவ்வழியை அடைத்துவிட, ஈரம் உள்ளே நின்று சுவரை அரித்தது. பணம் போதாமையாற் பூசாது விட்ட நெல்லறை ஒன்று மட்டும் இன்றும் காய்ந்து உறுதியாய் நிற்கின்றது. எங்கள் வறுமை அதனைக் காத்தது. எங்கள் அன்பு மற்றவற்றைக் கெடுத்தது.

கண்டித் தலைவர்களுக்கு அவர் 1905இல் எழுதிய மடலை யான் அதற்குப் பின்னரே ஊன்றிப் படித்தேன். முன்னரே படித்திருந்தால் ஒரு வீடு பிழைத்திருக்கும்.

இன்று வெள்ளவத்தையிலே பழைய வீடுகள் ஒவ்வொன்றாய் மறைகின்றன; அவ்விடத்தில் மாடிக் குடியிருப்புக்கள் எழுகின்றன. இடமின்மையை யான் அறியேனல்லேன். யானும் அத்தகைய மாடியொன்றிலேயே வாழ்கின்றேன். ஊர்க் கோயில்களிலோ இடநெருக்கடி இல்லை. ஆயினும் திருப்பணி என்னும் பெயரால் பழந்தூணுக்கு வண்ணம் தீட்டுகின்றோம். கற்றளத்தின் மேல் வழுக்கும் ஓடு பதிக்கின்றோம். பொருள் தருவோர் அன்பர்களே, நோக்கமும் தூயதே. எங்கள் வீட்டுக்குச் சீமெந்து பூசுவித்த என் நோக்கமும் தூயதாகவே இருந்தது.

ஆதலின் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். பழஞ்சுவர் ஒன்றின்மேல் கைவைக்குமுன், அஃது எதனால் ஆனது, எவ்வாறு மூச்சுவிடுகின்றது, எங்கே ஒழுகுகின்றது என்று அறிந்தவரைக் கேளுங்கள். ஒழுக்கை அடைத்தாலே போதுமாயின் அம்மட்டில் நில்லுங்கள். தந்தையின் வீட்டை இழந்து வளர்ந்த ஒருவர், பிறர் முன்னோரின் வீட்டை அவ்வாறு காத்தார். முன்னோர் வீடு இன்னும் எஞ்சியுள்ள நமக்கு அது கூடாதா?